தெரியாத பாக்கெட்

நாலு மணிக்கு அந்த வெள்ளைக்கார அம்மா வருகிறார்கள். இப்போது மூன்றேகால். முக்கால் மணி நேரம் என்பது நாச்சிமுத்துவுக்கு ஒன்பது பாக்கெட் வைக்கிற நேரம். தையல் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்றைக்கு ஒரே ஒரு பாக்கெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சட்டையின் இடது முன்பக்கத் துண்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது. நீலத்தில் பெரிய பெரிய செம்பருத்தி, செம்பருத்திகளுக்கு நடுவே ஒல்லியாக நீண்ட ஒரு படகு, படகில் துடுப்போடு ஓர் ஆள். படகு சரியாக நெஞ்சுக்கு நேரே வருகிறது, பாக்கெட்டும் அங்கேதான் உட்கார வேண்டும். பாக்கெட் துண்டில் இருக்கிற படகும் சட்டையில் இருக்கிற படகும் ஓர் இழை பிசகாமல் சேர்ந்தால் பாக்கெட் காணாமல் போய்விடும், பார்க்கிறவன் கண்ணுக்குப் படகு மட்டும்தான். பிசகினால் துடுப்பு ஒடியும், ஆளுக்கு மூக்கு இரண்டாகும். துணியைத் திருப்பித் திருப்பி அதே படகு இன்னொரு இடத்தில் எங்கே வருகிறது என்று தேடி, அங்கே வெட்டி, ஓரம் மடித்து, மேலே கொண்டுவந்து வைக்க வேண்டும். இருக்கிறதை இல்லாததுபோல வைக்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று நினைத்தார். இருக்கிறதை இல்லாததுபோல வைப்பதில் நீ கெட்டிக்காரன்தான் நாச்சிமுத்து, அதை யார் இல்லையென்றார்கள். செக்கிங் மேஜைப் பக்கம் பார்க்கக் கூடாது என்று உறுதியாக இருந்தார். பார்த்தார். மரகதம் குனிந்தபடி நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கை மோதிர விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. இத்தனை தூரத்திலிருந்து அது தெரியாது, அவருக்குத் தெரிந்தது.

பருத்தி என்றால் சொன்ன பேச்சைக் கேட்கும். இது ரேயான். மேஜையில் வைத்தால் ஓரத்தைப் பார்த்து நழுவும், கத்தரி கிட்டே வந்தால் விலகிக்கொள்ளும், தொட்டால் மீனைத் தொட்டதுபோல ஜில்லென்று இருக்கும். ஈரோட்டுப் பட்டறையில் எட்டு ஸ்கிரீன் போட்டு, ஒரு நிறம் காய்ந்த பிறகு அடுத்த நிறமாக அச்சடித்து எண்ணூறு மீட்டர் வந்திறங்கியிருக்கிறது. நல்ல அச்சு, குறை சொல்ல முடியாது. ஆனால் நீலம். அந்த நீலத்தை இப்போது நினைக்க வேண்டாம். அசலை நினைத்தாலும் நீலம் வருகிறது. அசல் என்றுதான் கம்பெனியில் எல்லாரும் அந்தப் பழைய சட்டையைச் சொல்கிறார்கள். ரெண்டு மாதம் முன்னால் மெல்லிய தாளில் பொதிந்து, அட்டைப்பெட்டிக்குள் படுத்து வந்தது. எழுபது வருஷச் சட்டை. அந்த அம்மாவின் அப்பா கப்பல் வேலைக்காரர், ஹவாய்த் தீவில் இறங்கினபோது வாங்கினாராம். மேனேஜர் ரத்தினசபாபதி கடிதத்தைத் தமிழாக்கிப் படித்தார். "அவங்கப்பா ஞாயித்துக்கெழமையானா இதத்தான் போடுவாராமா. அவர் போயி நாப்பது வருசமாச்சாம். கடையில வாங்குன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணுங்கிறாங்க, நூறு சட்டையா இருந்தாலுஞ் செரி, ஆயிரமா இருந்தாலுஞ் செரி." காலரின் உள்பக்கத்தில் கழுத்து வியர்வை மஞ்சளாக ஒரு கோடு போட்டிருந்தது. செத்துப்போன மனுஷனின் கழுத்து. அதைத் தொடும்போது நாச்சிமுத்து தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டார். பட்டன்கள் கொட்டாங்குச்சியில் செய்தவை, ரேகை ரேகையாக இருந்தன. நம் ஊரில் அடுப்பெரிக்கிற சாமானில் எவனோ பட்டன் செய்திருக்கிறான். முதுகு ஒரே துண்டு, நடுத்தையல் கிடையாது, முதுகில் வருகிற அலையையும் மலையையும் வெட்டக் கூடாது என்று விட்டிருந்தான். முன்னால் பட்டனைப் போட்டுவிட்டால் இடது பக்கத்துச் செம்பருத்தி வலது பக்கத்தில் முழுசாகிவிடும். இதையெல்லாம் செய்தவன் யாரோ, பேர் இல்லை, ஊர் இல்லை. முதல் ரெண்டு நாள் இந்தச் சட்டைக்குப் பாக்கெட்டே கிடையாது என்றுதான் நாச்சிமுத்து நினைத்திருந்தார். அளவுத்தாளில் பாக்கெட் என்கிற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியும் விட்டார். மூன்றாம் நாள் விரல் தடுக்கிற்று. படகுக்காரனின் இடுப்புப் பக்கம் ஒரு மடிப்பு. அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. இந்த நாச்சிமுத்துவின் கண்ணையே ஒருத்தன் ரெண்டு நாள் ஏமாற்றியிருக்கிறான்.

ஏமாந்ததை ஏமாந்தேன் என்று விட்டிருக்கலாம். அளவெடுத்தாயிற்று, பேப்பர் பேட்டர்ன் வெட்டியாயிற்று, அந்தப் பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை. ஆனால் இந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அவர் பிரித்தார். ஓரத்தை எவ்வளவு மடித்திருக்கிறான், ஊசி எங்கே இறங்கியிருக்கிறது, உள்ளே ரெண்டாவது தையல் உண்டா, அதைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது என்று தோன்றியது. பொறாமைதான், வேறென்ன பேர் வைப்பது. ஐம்பத்தெட்டு வயசில், கண்டம் தாண்டி, எப்போதோ செத்திருக்கக்கூடிய ஒரு தையல்காரன்மேல் பொறாமை. பழைய இடத்திலேயே திரும்பி வைக்க வேண்டுமே என்று மூலைகளில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டு பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாகத் தூக்கினார். பாக்கெட் கழன்றது. அடியில் வெளிச்சம் படாத துணி. அய்யோ அந்த நீலம். எழுபது வருஷமாக வெயில் பார்க்காத, உரசல் படாத நீலம், கிட்டத்தட்ட கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற நீலம், அதன்மேல் செம்பருத்தி இப்போதுதான் பூத்ததுபோல. வெளியே இருக்கிற நீலமெல்லாம் வெளுத்தது, கிழடு. கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த நிறம் இந்த உள்ளங்கை அகலத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. அப்புறம் அந்த நீலத்தின் நடுவே, சாக் விரல் பட்டு விழுந்த ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணை உறுத்தியது. நாக்கில் கட்டைவிரலைத் தொட்டு அதைத் தேய்த்தார். அவ்வளவுதான் செய்தார். நாற்பது வருஷப் பழக்கம், தையல்காரன் எவனும் செய்வது. ரேயான் நனைந்தால் பாதி உயிர் போய்விடும், ஈரக்கையோடு தொடாதே என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் வாய் ஓயாமல் சொல்கிறவரும் அவர்தான். கட்டைவிரலுக்கடியில் துணி சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. ஊறின காகிதம் மாதிரி. எடுத்துப் பார்த்தால் எட்டணா அகலத்துக்கு ஓட்டை, அந்தப் பக்கம் மேஜை தெரிந்தது. தன் எச்சில். செத்தவர் சட்டையில் தன் எச்சில். அடுத்த கால் மணி நேரத்தில் பழைய ஊசித் துளைகளிலேயே ஊசியை விட்டுக் கையால் பாக்கெட்டைத் திரும்பத் தைத்துவிட்டார். தைத்து முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தபோது, படகு அவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்திருந்தது, மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார். அந்தச் சபாஷை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. ஓட்டையைக்கூட மன்னிக்கலாம்.

யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அந்த அம்மா சட்டையை வாங்கிப் பெட்டியில் வைப்பார்கள், பெட்டி பீரோவுக்குள் போகும், பாக்கெட்டுக்குள் யார் கை விடப் போகிறார்கள் என்றுதான் செவ்வாய் ராத்திரி தூங்கினார். புதன்கிழமை காலையில் அசலை ஒரு தடவை செக் பண்ணி விவரம் எழுதச் சொல்லி மரகதத்திடம் கொடுத்தார்கள். செக்கிங்காரி எதைச் செய்வாளோ அதைச் செய்தாள். சட்டைக்குள் கையை விட்டு விரித்து, டியூப்லைட் மேஜைமேல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஒன்பது வருஷமாகத் தினம் நானூறு தடவை செய்கிற காரியம். விரல் போய் அந்த ஓட்டையில் மாட்டியது. சர்ரென்று ஒரு சத்தம், பாக்கெட்டுக்கு மேலே படகைத் தாண்டி, செம்பருத்தியைத் தாண்டி ஒரு சாண். ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நாச்சிமுத்துவும் திரும்பினார். வாயைத் திறக்கத்தான் போனார், சத்தியமாகத் திறக்கத்தான் போனார், அதற்குள் அவளே கத்திவிட்டாள். "அய்யய்யோ, என்ற மோதரமுங்க! மோதரம் பட்டுப் போச்சுங்க!" அவளே சொல்லிவிட்டாள். அவர் கால் மெஷின் பெடலில் இருந்தது, கால் அமுக்கியது, மெஷின் ஓடியது, கையில் இருந்த காலரை முழுக்கத் தைத்து முடித்தார். அந்தக் காலர் கோணிக்கொண்டு போனதைப் பிறகு பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஒரு நொடி தாமதம், அந்த நொடிக்குள் சொல்லியிருந்தால் சாதாரண விஷயம். ஒரு காலர் தைக்கிற நேரம் போனதும் அது வேறு விஷயமாகிவிட்டது. மத்தியானம் ஆனதும் இன்னும் வேறு. இன்றைக்குச் சனிக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் மரகதம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வந்து நின்றாள். "ஏனுங்ணா, நீங்க கை வெச்சா சேந்துக்காதுங்ளா? வெளிய தெரியாத மாதிரி ஒட்டுப் போட்டுக் குடுங்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." பாக்கலாம் அம்மிணி என்றார் அவர். "பவுன் மோதரமுங்ணா, ஓரம் கொஞ்சம் கூர்மையா இருந்துச்சு, அவரு தேச்சுக் குடுக்கறேன்னு சொல்லிட்டே இருந்தாரு, நாந்தான் அப்புறம் பாத்துக்கலாம்னேன்." அந்த மோதிரத்துக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. மோதிரம் சுத்தமான மோதிரம். அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது இந்த ஒரு வரிதான், உன் மோதிரம் ஒன்றும் செய்யவில்லை அம்மிணி என்று. அதற்குப் பதிலாகச் சோறு ஆறிடப் போகுது போ என்றார்.

துடுப்பு சேரவில்லை. அரை நூல் கீழே இறங்கி நிற்கிறது. ஊசியைப் பிடுங்கித் திரும்பவும் வைத்தார். கை நடுங்குகிறதா என்று பார்த்தார், இல்லை, பாழாய்ப்போன கை அதுபாட்டுக்கு நிதானமாகத்தான் இருந்தது. நீலத்தைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். ஈரோட்டு அச்சுக்காரர்கள் அசலை வெளிச்சத்தில் வைத்து அந்த வெளுத்த நீலத்துக்குத்தான் சாயம் கலந்தார்கள். எண்ணூறு மீட்டரும் கிழட்டு நீலம். வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி என்று அந்த அம்மா கேட்டது இதுவல்ல என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன் வாயைத் திறந்தால் பாக்கெட்டுக்கு அடியில் உனக்கென்ன வேலை என்று கேட்பார்கள். ஒன்றை மூடினால் இன்னொன்றும் சேர்த்து மூட வேண்டியிருக்கிறது. எப்போதோ கோயமுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது ஒரு பெரியவரின் காலை மிதித்துவிட்டார். பெரியவர் அம்மா என்று அலறினார். நாச்சிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பக்கத்தில் நின்ற காலேஜ் பையனை எல்லாரும் திட்டினார்கள், அவனும் ஸாரி ஸாரி என்றான். சூலூர் தாண்டுகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே அப்படி என்னத்தைப் பார்த்தாரோ. இதையெல்லாம் யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா, இவருக்கு இருக்கிறது, இன்றைக்குப் பார்த்து வருகிறது. வீட்டில் சிவகாமியிடம் வியாழக்கிழமை சொல்லிவிட்டார். அவள் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, "சொல்லிப்போட்டு வாங்க, உங்களத் தூக்குலயா போடப் போறாங்க," என்றாள். தூக்கில் போட மாட்டார்கள். மேனேஜர் திட்டக்கூட மாட்டார். அண்ணா, உங்களுக்குமா என்று மட்டும் கேட்பார், கேட்டுவிட்டுக் கண்ணைப் பார்ப்பார், கண்ணாடி மாத்தி எத்தனை நாளாச்சுங்ணா என்பார். அடுத்த வாரம் நல்ல துணி எதுவும் தன் மேஜைக்கு வராது. நாச்சிமுத்து கை என்று சொல்கிறார்களே, அந்தப் பேர் போய்விடும். அந்தப் பேரைத் தவிர அவரிடம் வேறென்ன இருக்கிறது. அந்தப் பேருக்காக ஒருத்தி சோற்றில் மண் விழலாமா என்றால், விழலாம் என்றுதான் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், வாயால் சொல்லாமல். மேனேஜர் நேற்று எல்லார் முன்னாலும் தீர்த்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மா வந்ததும் மரகதம் நேரே நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம். அவள் தலையை ஆட்டினாள். கிழித்தவள் கிழித்தவள்தானே என்று இவருக்குள்ளும் ஒரு குரல் வக்கீல் மாதிரி எழுந்தது. ஒரு சாண் கிழிசலில் அவர் பங்கு எட்டணா அகலம். அந்த எட்டணா இல்லாமல் அந்தச் சாண் ஏது என்று இன்னொரு குரல். துடுப்பு சேர்ந்தது. பாக்கெட் மறைந்தது. சொல்லிவிட வேண்டியதுதான் என்று அந்தக் கணத்தில் தீர்மானமாகிவிட்டது, எப்படி என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நாலுபக்கமும் தையல் ஓட்டி, நூலை வெட்டி, சட்டையைச் சேர்க்க உதவியாளிடம் நீட்டிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்த அம்மாவுக்கு எழுபது வயசிருக்கும், மெலிந்த கை, மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. மேனேஜர் ரூமில் மேஜைமேல், தைத்து முடிந்த புதுச் சட்டைக்குப் பக்கத்தில் கிழிந்த அசல் கிடந்தது. அவர்கள் கிழிசலைத் தொடவில்லை, காலரை மட்டும் ஒரு விரலால் தடவிக்கொண்டு நின்றார்கள். மரகதம் சுவரோரம் கைகட்டி நின்றாள், உதடு ஏற்கனவே கோணத் தொடங்கியிருந்தது. நாச்சிமுத்து கதவைத் தட்டாமல் உள்ளே போனார். "சார், அது அந்தப் புள்ள கிழிக்கல. நாந்தான். செவ்வாக்கிழம நாந்தான் பாக்கெட்டப் பிரிச்சேன், ஈரக்கை வெச்சேன், கிழிஞ்சு போச்சு, மறைச்சுத் தெச்சுட்டேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சொன்னதும் உடம்பு இறகாக இருந்தது. ரத்தினசபாபதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார், ரொம்ப அன்பாக. "போங்ணா. ஹாலே பாத்துச்சு, அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சு. அதுக்கு வேல போயிருமேன்னு நீங்க வந்து நிக்கறீங்க. உங்க மனசு எனக்குத் தெரியாதா?" அந்த அம்மா பக்கம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். என்ன சொன்னாரோ, அந்த அம்மா நாச்சிமுத்துவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கண் கலங்கியிருந்தது. புதுச் சட்டையின் பாக்கெட்டைக் காட்டி, தேடித் தேடிப் பார்த்தேன் கிடைக்கவே இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். இப்போது சொல்ல வேண்டும். பாக்கெட்டுக்கு அடியில் வேறு நீலம் இருக்கிறது, பிரித்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிரிப்பார்கள், பார்ப்பார்கள், நம்புவார்கள். நாக்கு நுனியில் அந்த வார்த்தை நின்றது. அந்த அம்மாவின் கை வெதுவெதுப்பாக இருந்தது. "செரி, அண்ணன் இவ்வளவு தூரம் வந்து நின்னுட்டாரு, அந்தம்மாவும் மன்னிச்சுட்டாங்க," என்றார் மேனேஜர் மரகதத்திடம், "வேலைய விட்டு நிறுத்தல. ஆனா செக்கிங்ல இனி வேண்டாம், திங்கக்கிழமையிலிருந்து பேக்கிங்ல இரு." ஒன்பது வருஷச் செக்கிங்காரி, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டப் போகிறாள். அதற்கும் தலையை ஆட்டினாள், கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் வெளியே வந்ததும் மரகதம் பின்னாலேயே ஓடி வந்தாள். ஸ்டெய்ர்கேஸ் பக்கத்தில், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே நிறுத்தினாள். முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனாலும் சிரிக்கப் பார்த்தாள். "என்ற கூடப் பொறந்தவன்கூட இப்படி வந்து நின்னிருக்க மாட்டானுங்ணா. எனக்காக இல்லாத பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்களே."

"அதில்ல அம்மிணி, நெசமாலுமே நாந்தான்..."

"சும்மா இருங்ணா." அவள் குரல் செல்லமாக அதட்டியது. "உங்க கை பட்டு ஒரு துணி கிழியுமுங்ளா? ஒம்பது வருசமா உங்க தையலத்தான செக் பண்றேன், எனக்குத் தெரியாதுங்ளா உங்க கை?"

அவள் பதிலுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னது காதில் எவ்வளவு இனிப்பாக விழுந்தது என்று அவருக்கே பயமாக இருந்தது.

"அதுவுஞ் செரிதான் அம்மிணி," என்றார் நாச்சிமுத்து.